ஆர்.சி. வான்சாகச பைப்பிளேன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிமோட்டில் இயங்கும் (ஆர்.சி.) விமானங்களைப் பறக்கவிடும் மைதானத்துக்கு யாராவது புதிதாக ஒரு பைப்பிளேன், அதாவது மேலும் கீழுமாக இரண்டு இறக்கை உள்ள விமானம், கொண்டுவந்தால், அன்றைக்கே அதே பத்துப் பதினைந்து சந்தேகங்கள் வந்துவிடும். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். அளவுகளெல்லாம் ஒரே மாடலை வைத்துச் சொல்லப்பட்டவை: மேல் இறக்கை 1.2 மீட்டர், பறக்கும் எடை 2.2 கிலோ, லேசான பால்சா மர உடல், மின்மோட்டார், வால்சக்கரம். உங்கள் மாடல் சின்னதாகவோ பெரிதாகவோ இருந்தால் எண்கள் மாறும், முறை மாறாது.

"ரெண்டு இறக்கை இருக்கே, லிஃப்ட் ரெண்டு மடங்கு கிடைக்காதா?"

கிடைக்காது. லிஃப்ட் என்பது இறக்கை விமானத்தைத் தூக்கும் விசை. மேல் இறக்கையின் அடியில் அழுத்தம் கூடும், கீழ் இறக்கையின் மேலே அழுத்தம் குறையும். இரண்டும் நடுவில் உள்ள இடைவெளியில் சந்தித்து ஒன்றின் பலனை மற்றொன்று கொஞ்சம் தின்றுவிடும். இறக்கைகள் நெருங்க நெருங்க இந்த இழப்பு அதிகமாகும். போதாததற்கு நடுவில் தூண்கள், கம்பிகள். எல்லாம் சேர்ந்து இழுவையை, அதாவது காற்று விமானத்தைப் பின்னிழுப்பதை, கூட்டிவிடும்.

பதிலுக்கு, அதே பரப்பளவைக் குட்டையான இறக்கைகளில் அடக்கிவிடலாம். இறக்கை குட்டையானால் சுழல்வது வேகமாகும். மேலும் கீழும் தூணுமாகப் பெட்டி மாதிரி அமைவதால் உறுதியும் கிடைக்கும். 1944-ல் கர்ட்டிஸ் பிட்ஸ் முதலில் பறக்கவிட்ட பிட்ஸ் ஸ்பெஷல் இப்படிப் பிறந்ததுதான். 1972 உலக வான்சாகசப் போட்டியில் அமெரிக்க அணி வென்றது இந்தக் குட்டி விமானத்தில்தான். இழுவை என்ற சொல்லை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிப் பதில்களுக்கு அதுவே காரணம்.

"நேரா இதையே முதல் பிளேனா வாங்கலாமா சார்?"

வேண்டாம். முதலில் உடலுக்கு மேலே இறக்கை உள்ள ட்ரெய்னர் (பழகும் விமானம்), அடுத்து உடலுக்குக் கீழே இறக்கை உள்ள, வால்சக்கரம் வைத்த நான்கு சேனல் விமானம், அதற்குப் பிறகு இது. நான்கு சேனல் என்பது நான்கு கட்டுப்பாடு: மோட்டார் வேகத்துக்கு த்ரோட்டில், மூக்கை இடவலம் திருப்ப வாலில் ரட்டர், மூக்கை ஏற்றி இறக்க வாலில் எலிவேட்டர், பக்கவாட்டில் சாய்க்க இறக்கையில் ஏலிரான். அந்த இரண்டாவது விமானத்தைப் பக்கக்காற்றில் ரட்டரால் நேராக ஓட்டி ஏற்றவும், த்ரோட்டிலைக் கையில் வைத்தபடியே இறக்கவும், தலைகீழாக ஒரு சுற்று முழுக்கப் பறக்கவும் வந்துவிட்டால் பைப்பிளேனைத் தொடலாம்.

"பிட்ஸ், அல்டிமேட், ஈகிள்னு போட்டிருக்கான். எதை எடுக்கறது?"

முதல் பைப்பிளேனுக்கு அல்டிமேட் வகையைச் சொல்வோம். பிட்ஸை விட உடல் நீளமாக இருப்பதால் வால் நிதானமாக வேலை செய்யும். இறக்கைகளுக்கு நடுவே தட்டையான பலகை போன்ற தூண்கள் வருவதால் பக்கவாட்டுப் பறத்தலுக்கும் உதவும். பிட்ஸ் பார்க்க அழகு, ஆனால் உடல் குட்டை. தரையிலும் வானிலும் மூக்கு சட்டென்று திரும்பும். கிறிஸ்டன் ஈகிளும் அதே குணம்தான். எதை எடுத்தாலும் நான்கு இறக்கைப் பகுதியிலும் ஏலிரான் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பிட்ஸ் எஸ்-1சி மாதிரியில் கீழ் இறக்கையில் மட்டும்தான் ஏலிரான் உண்டு. அதை அப்படியே நகலெடுத்த மாடல் மெதுவாகத்தான் சுழலும்.

"மோட்டார், பேட்டரி, ப்ரொப் என்ன போடலாம்?"

கிலோவுக்கு 400 வாட் என்று கணக்கு வையுங்கள். 2.2 கிலோவுக்கு 880 வாட். 6 செல் லிபோ பேட்டரி முழு த்ரோட்டிலில் ஏறக்குறைய 21.5 வோல்ட் தரும், அப்படியானால் 41 ஆம்பியர். ஈ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) 60 ஆம்பியராக இருக்கட்டும். 500 கே.வி. (வோல்ட்டுக்கு நிமிடத்தில் 500 சுற்று) அளவு மோட்டார், 14×7 ப்ரொப், 3300 எம்.ஏ.எச். பேட்டரி பொருந்தும். ப்ரொப் என்பது முன்னால் சுற்றும் காற்றாடி; 14 அதன் விட்டம், 7 அதன் பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம், இரண்டும் அங்குலத்தில். பறக்கவிடும் முன் வாட்மீட்டர் மாட்டி, விமானத்தைக் கட்டிவைத்து, ஐந்து விநாடி முழு த்ரோட்டில் கொடுத்துப் பாருங்கள். 50 ஆம்பியரைத் தாண்டினால் 13×6.5-க்கு இறங்குங்கள்.

ஒரே இறக்கை விமானத்துக்குச் சரியாக இருந்த 13×10 ப்ரொப்பை இதில் மாட்டிவிடுகிறார்கள். இழுவை அதிகமுள்ள விமானம் அந்த வேகத்தைத் தொடவே தொடாது. ஆம்பியர்தான் வீணாகும். விட்டம் பெரிதாகவும் பிட்ச் குறைவாகவும் இருப்பதே இங்கே சரி. டைமரை முதலில் 4 நிமிடத்துக்கு வையுங்கள். இறங்கியதும் ஒரு செல்லுக்கு 3.75 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் அரை அரை நிமிடமாகக் கூட்டலாம்.

"ரெண்டு இறக்கையும் முன்ன பின்ன இருக்கு. சி.ஜி.யை எங்க வெச்சுப் பாக்கறது?"

சி.ஜி. என்பது விமானத்தின் எடை சமநிலையில் நிற்கும் புள்ளி. மேல் இறக்கை முன்னால், கீழ் இறக்கை பின்னால் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை அகலம் 24 செ.மீ., முன்விளிம்புகளுக்கு நடுவே 8 செ.மீ. தள்ளல். தள்ளலில் பாதி 4 செ.மீ. அகலத்தில் கால்பங்கு 6 செ.மீ. கூட்டினால் 10. ஆக, மேல் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 10 செ.மீ. பின்னால் முதல் பறத்தலுக்கான சி.ஜி. கீழ் இறக்கை சின்னதாக இருந்தால், தள்ளலில் பாதிக்குப் பதிலாகக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

பிட்ஸ் மாதிரி மேல் இறக்கை பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் நடுவில் அளக்கக் கூடாது. ஒரு பக்க இறக்கையின் நீளத்தில் பாதித் தூரத்தில் அளந்து குறியுங்கள். நடுவில் அளந்து வைத்தால் எடை கணக்கை விட முன்னால் வந்துவிடும், மூக்குக் கனத்து இறங்கும்போது எலிவேட்டர் போதாமல் போகும். பேட்டரி மாட்டிய நிலையில், இரண்டு பக்கமும் குறியிட்ட இடத்தில் மேல் இறக்கையின் அடியில் விரல்நுனியால் தூக்கிப் பாருங்கள். விமானம் மட்டமாகவோ மூக்கு ஒரு நூல் தாழ்ந்தோ நிற்க வேண்டும். எடை இறக்கைக்குக் கீழே தொங்குவதால் ஆடாமல் நிற்கும், அளப்பது எளிது.

மூக்கு குட்டை என்பதால் பெரும்பாலும் வால்தான் கனக்கும். ஈயம் ஒட்டும் முன் பேட்டரியை முன்னால் தள்ளிப் பாருங்கள். வாலில் சேரும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஈடுகட்ட வேண்டியிருக்கும். அதனால் வால்சக்கரத்தை லேசானதாக மாற்றுவதே நல்ல வழி.

"இந்தக் கம்பியெல்லாம் சும்மா அழகுக்குத்தானே, கழட்டிடலாமா?"

மேனுவலில் பாருங்கள். சில மாடல்களில் கம்பி வெறும் ரப்பர் நூல், எடுத்துவிடலாம். ஆனால் உலோகக் கம்பியும் இழுத்து முறுக்கும் திருகும் இருந்தால் அது சுமை தாங்குகிறது. அதைக் கழற்றிவிட்டு ஸ்னாப் ரோல் (வெடுக்கென்று உருளும் சாகசம்) போட்டால் இறக்கையின் வேர் உடையும். மாட்டும்போது வீணைத் தந்தி மாதிரி முறுக்கிவிடாதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு இழுவிசை இல்லாவிட்டால் இறக்கை முறுகி, விமானம் ஒரு பக்கமாகவே சாயும்.

தூணை எடுத்துவிட்டுப் பறக்கலாமா என்றும் கேட்கிறார்கள். கூடாது. இறக்கைகளின் கோணத்தைப் பிடித்து நிறுத்துவது அதுதான். கோண அளவி வைத்துப் பார்த்தால் மேல் இறக்கை, கீழ் இறக்கை, வால் மூன்றும் மேனுவல் சொன்னதிலிருந்து அரை டிகிரிக்கு மேல் விலகக் கூடாது. கீழ் இறக்கையின் கோணம் கூடிவிட்டால், பின்னால் இருக்கும் அதுவே முதலில் ஸ்டால் ஆகும், அதாவது தூக்கும் விசையை இழக்கும். அப்போது மூக்கு தாழாமல் மேலே எழும், விமானம் இன்னும் ஆழமாக ஸ்டாலுக்குள் போகும்.

"ஏலிரானுக்கு ரெண்டு சர்வோ போதுமா, நாலு வேணுமா?"

சர்வோ என்பது ஏலிரான் போன்றவற்றை அசைக்கும் சின்ன மோட்டார். இந்த அளவுக்கு இரண்டு போதும். கீழ் இறக்கையில் பக்கத்துக்கு ஒன்று, உலோகப் பல்சக்கரம், 5 கிலோ-செ.மீ. முறுக்குவிசை. மேல் ஏலிரானோடு ஒரு இணைப்புக் கம்பி. அந்தக் கம்பி மாட்டும் துளை, மேலும் கீழும் கீல்கோட்டிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். தூரம் மாறினால் ஒன்று 15 டிகிரி போகும்போது மற்றது 12 டிகிரிதான் போகும், ரோல் நேராக வராமல் சுருள் சுருளாக வரும். முதலில் கீழ் ஏலிரானை நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள், பிறகு கம்பியைத் திருகி மேலுள்ளதைச் சரிசெய்யுங்கள்.

இணைப்பில் ஆட்டம் இருந்தால் விடாதீர்கள். ஏலிரானின் பின்விளிம்பை விரலால் அசைத்தால் 1 மி.மீ.க்கு மேல் ஆடக் கூடாது. வேகமாகக் கீழிறங்கும்போது வண்டு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம் கேட்டால் அது ஃப்ளட்டர், அதாவது ஏலிரான் காற்றில் படபடப்பது. உடனே த்ரோட்டிலைக் குறைத்து, மூக்கை மெதுவாகத் தூக்கி, இறங்கி இணைப்புகளைப் பாருங்கள். நான்கு சர்வோ போட்டால் எலிவேட்டர், ரட்டரோடு ஆறு ஆகிவிடும். அதைத் தாங்க 8 ஆம்பியராவது தரும் பி.இ.சி. (சர்வோக்களுக்கு மின்சாரம் தரும் சுற்று) தேவை.

"த்ரோ எவ்வளவு, எக்ஸ்போ எவ்வளவு?"

த்ரோ என்பது எலிவேட்டர் போன்றவை எவ்வளவு டிகிரி திரும்பும் என்பது, எக்ஸ்போ என்பது ஸ்டிக்கின் நடுப்பகுதியை மென்மையாக்கும் அமைப்பு. சாதாரணப் பறத்தலுக்கு எலிவேட்டர் 12 டிகிரி, ஏலிரான் 15, ரட்டர் 25. எக்ஸ்போ 30 சதவீதம். ஸ்னாப் ரோலுக்கும் ஸ்பின்னுக்கும் (ஸ்டாலாகிச் சுழன்றபடி கீழிறங்குவது) இன்னொரு சுவிட்சில் எலிவேட்டர் 25, ஏலிரான் 25, ரட்டர் 35, எக்ஸ்போ 45. ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்பெக்ட்ரம் டிரான்ஸ்மிட்டரில் கூட்டல் குறி போட்டால் நடுப்பகுதி மென்மையாகும், ஃபுட்டாபாவில் கழித்தல் குறி போட வேண்டும். மாற்றிப் போட்டால் நடுவில் தொட்டதும் துள்ளும். ஸ்டிக்கை மெதுவாக நகர்த்தி, தரையில் கண்ணால் பார்த்தே இதை உறுதிசெய்துகொள்ளலாம்.

"ஏத்தும்போது இடது பக்கமா இழுத்துட்டு ஓடுது. மோட்டார் கோணமா?"

மோட்டார் வலப்பக்கம் இரண்டு மூன்று டிகிரி திரும்பியிருக்க வேண்டும், அதைப் பாருங்கள். ஆனால் பெரும்பாலும் காரணம் விரல்தான். த்ரோட்டிலைச் சட்டென்று தள்ளினால் ப்ரொப்பின் சுழல்காற்று வாலை அடிக்கும், முறுக்கு இடது சக்கரத்தை அழுத்தும், வால் எழும் கணத்தில் சுழலும் ப்ரொப் மூக்கை இன்னும் இடப்பக்கம் தள்ளும். மூன்றும் ஒரே பக்கம்.

காற்றை எதிர்த்து நிறுத்துங்கள். எலிவேட்டரைக் கொஞ்சம் மேலே பிடித்து வால்சக்கரம் தரையைக் கவ்வட்டும். மூன்று விநாடி எடுத்து த்ரோட்டிலைக் கூட்டுங்கள், கூடக் கூட வலது ரட்டரும் கூடட்டும். வேகம் வந்ததும் எலிவேட்டரைத் தளர்த்துங்கள், வால் தானாக எழும். அதற்கு முன்பே இழுத்து ஏற்றிவிட்டால் விமானம் எழும்பும், இடது இறக்கை தாழும், பிறகு பிடிக்க உயரம் இருக்காது.

"எங்க ஊர்ல எங்க வேணா பறக்கவிடலாமா?"

இந்தியாவில் 2021 ட்ரோன் விதிகளின்படி 25 கிலோவுக்கு உட்பட்டு, பொழுதுபோக்குக்காக, கண்ணுக்கெட்டும் தூரத்துக்குள் பறக்கவிடுவது மாடல் வகையில் சேரும். பறக்கும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிறத்தில் இருக்கிறதென்று பாருங்கள். பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் அது 60 மீட்டர்தான். சிவப்பு என்றால் வேறு மைதானம் தேடுங்கள். இந்த நிறங்கள் மாறக்கூடியவை, அதனால் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

"இறக்கும்போது த்ரோட்டில் குறைச்சதும் கல்லு மாதிரி விழுது. ஏன்ணா?"

அதிகம் பேர் விமானத்தை உடைப்பது இங்கேதான். முதல் பதிலில் சொன்ன இழுவைதான் காரணம். ட்ரெய்னர் த்ரோட்டிலை மூடியதும் வெகுதூரம் மிதந்து வரும். பைப்பிளேனில் மூடினால் இரண்டு இறக்கையும் தூணும் கம்பியும் பிரேக் போடும், காற்றில் சும்மா சுற்றும் 14 அங்குல ப்ரொப்பும் சேர்ந்துகொள்ளும். இரண்டு விநாடியில் வேகம் செத்துவிடும். மூக்கு மட்டமாகத்தான் இருக்கும், ஆனால் விமானம் மட்டமாக இருந்தபடியே கீழே போய்க்கொண்டிருக்கும். பழக்கத்தில் எலிவேட்டரை இழுப்பார்கள், இழுத்ததும் ஸ்டால்.

அதனால் த்ரோட்டிலோடுதான் இறக்க வேண்டும். கடைசித் திருப்பத்தை 15 மீட்டர் உயரத்தில், மூன்றில் ஒரு பங்கு த்ரோட்டிலில், அகலமாகத் திரும்புங்கள். இறக்கையைச் சரித்து இறுக்கித் திரும்பினால் அங்கேயே வேகம் போய்விடும். ஓடுபாதைக்கு நேராக வந்ததும் வேகத்தை எலிவேட்டரால் பிடியுங்கள், இறங்கும் அளவை த்ரோட்டிலால் பிடியுங்கள். சீக்கிரம் இறங்குகிறதா, ஒரு கிளிக் கூட்டுங்கள். நீளமாக வருகிறதா, ஒரு கிளிக் குறையுங்கள். தலைக்காற்று பலமாக இருந்தால் பாதி த்ரோட்டில் வரைகூடத் தேவைப்படும்.

கடைசி மூன்று விநாடி இப்படிப் போகும். முழங்கால் உயரத்தில் எலிவேட்டரை ஒரு சின்ன அளவு இழுத்து விமானத்தை மட்டமாக்குங்கள், த்ரோட்டிலைத் தொடாதீர்கள். அது ஓடுபாதையோடு ஒட்டிப் பறக்கும். இப்போது ஒவ்வொரு கிளிக்காகக் குறையுங்கள். ப்ரொப் சத்தம் தாழத் தாழ விமானமும் தாழும். முன்சக்கரம் இரண்டும் தொட்டு, ஓடும் சத்தம் கேட்ட பிறகு த்ரோட்டிலை மூடுங்கள். ஒரு பேட்டரி முழுக்க இறங்கித் தொட்டு மறுபடி ஏறுவதை மட்டும் செய்து பாருங்கள். விரலுக்குப் பழகிவிடும்.

"நல்லாத்தான் இறங்குச்சு, ஓடும்போது சட்டுனு சுத்திடுச்சு."

சக்கரங்களுக்குப் பின்னால் எடை இருப்பதால் கொஞ்சம் கோணினாலும் பின்பாதி முன்னால் வரப் பார்க்கும். வீட்டுத் தரையில் மூன்று மீட்டர் தள்ளிவிட்டுப் பாருங்கள், நேராகப் போக வேண்டும். ஒரு பக்கமாகப் போனால் சக்கரங்கள் கோணியிருக்கின்றன. வால்சக்கரம் அதிகமாகத் திரும்பினால் அதன் நெம்புகோலில் உள் துளைக்குப் பதில் வெளித் துளையில் மாட்டுங்கள். இறங்கியாயிற்றென்று ரட்டர் ஸ்டிக்கை விட்டுவிடாதீர்கள், விமானம் நிற்கும்வரை ரட்டர் வேலை செய்ய வேண்டும்.

தலைகுப்புற விழுகிறதென்றால் புல் உயரம், சக்கரம் சின்னது. 75 மி.மீ. சக்கரத்தை 90 ஆக்குங்கள். வேகம் குறைந்ததும் எலிவேட்டரை முழுக்க மேலே பிடியுங்கள்.

"நடுவானத்துல மோட்டார் நின்னுட்டா?"

உடனே மூக்கைத் தாழ்த்துங்கள், 30 டிகிரி வரை. கண்ணுக்குப் பயமாகத்தான் இருக்கும், ஆனால் இழுவையை வெல்ல வேறு வழியில்லை. ஓடுபாதைக்குத் திரும்பிவிடலாம் என்று நினைக்காமல் முன்னால் உள்ள வெட்டவெளியில் இறக்குங்கள். எலிவேட்டரை ஒரே ஒரு முறை, ஒரு மீட்டர் உயரத்தில் இழுங்கள்.

"ஸ்டால் டர்ன் போட்டா பின்பக்கமா சரிஞ்சு விழுது."

ஸ்டால் டர்ன் என்பது செங்குத்தாக ஏறி, உச்சியில் ரட்டரால் பக்கவாட்டில் திரும்பி, கீழே வருவது. சரிந்து விழக் காரணம் ரட்டர் தாமதம். செங்குத்தாக ஏறும் பைப்பிளேன் த்ரோட்டிலைக் குறைத்ததும் சீக்கிரமே நின்றுவிடும். நின்ற பிறகு ரட்டர் கொடுத்தால் வால்மேல் காற்று இருக்காது. இன்னும் ஒரு உடல்நீளம் ஏறும் வேகம் மிச்சம் இருக்கும்போதே, கால்பங்கு த்ரோட்டிலை விட்டுவைத்து, முழு இடது ரட்டர் கொடுங்கள். ப்ரொப் காற்று வாலைத் தள்ளித் திருப்பும்.

இடப்பக்கம் திரும்புவது எளிது, சுழல்காற்று உதவும். திரும்பும்போது வெளி இறக்கை எழப் பார்க்கும், அதற்குக் கொஞ்சம் வலது ஏலிரான். மூக்கும் முதுகுப் பக்கம் போகப் பார்க்கும், அதற்குத் துளி டவுன் எலிவேட்டர். மூக்கு கீழ்நோக்கி வரும் முன்பே ரட்டரை விட்டுவிட்டால் ஊசல் மாதிரி ஆடாது.

"ஸ்னாப் ரோல் ஒண்ணு கேட்டா ஒண்ணரை சுத்துது."

குட்டை இறக்கைக்கு அது இயல்பு. முக்கால் சுற்று வந்ததுமே எலிவேட்டர், ரட்டர், ஏலிரான் மூன்றையும் நடுநிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள், மீதிக் கால் சுற்றைத் தானே முடித்துக்கொள்ளும். நுழையும்போது பாதி த்ரோட்டில் போதும். முதலில் எலிவேட்டர், ஒரு கண்சிமிட்டும் நேரம் கழித்து ரட்டரும் ஏலிரானும், சுழலத் தொடங்கியதும் எலிவேட்டரைப் பாதியாகத் தளர்த்துங்கள். முழு வேகத்தில் ஸ்னாப் போடாதீர்கள். தூண் மாட்டியிருக்கும் திருகுகள்தான் முதலில் தளரும்.

"நைஃப் எட்ஜ்ல சக்கரப் பக்கமா வளையுது. மிக்ஸ் போடணுமா?"

நைஃப் எட்ஜ் என்பது இறக்கை செங்குத்தாக நிற்கப் பக்கவாட்டில் பறப்பது. மிக்ஸ் என்பது ஒன்றை அசைத்தால் இன்னொன்றும் தானாகக் கொஞ்சம் அசையும்படி டிரான்ஸ்மிட்டரில் அமைப்பது. முதலில் சி.ஜி.யைச் சரிபாருங்கள். மூக்கு கனத்தாலும் இப்படி வளையும். அது சரியென்றால் உயரத்தில், முக்கால் த்ரோட்டிலில், வலது ரட்டரிலும் இடது ரட்டரிலும் தனித்தனியாகப் பறந்து பாருங்கள். ரட்டரிலிருந்து எலிவேட்டருக்கு 5 சதவீதம் அப் மிக்ஸில் தொடங்கி ஒன்று ஒன்றாகக் கூட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண் வராது. ஏலிரானுக்கும் 3 சதவீதம் அளவு தேவைப்படலாம்.

"ஸ்பின்ல மாட்டிக்கிட்டா வெளிய வரவே மாட்டேங்குது!"

வரிசை முக்கியம்: த்ரோட்டில் மூடுங்கள், ஏலிரான் நடுநிலை, சுழலுக்கு எதிர் ரட்டர் முழுக்க, பிறகு டவுன் எலிவேட்டர். சுழல் நின்றதும் ரட்டரை நடுவுக்குக் கொண்டுவந்து, வேகம் சேரும்வரை பொறுத்து மெதுவாக இழுங்கள். பதற்றத்தில் ஏலிரானால் நிமிர்த்தப் பார்ப்பதும், த்ரோட்டிலைக் கூட்டுவதும்தான் ஸ்பின்னைத் தட்டையாக்கிப் பூட்டிவிடும். இவ்வளவும் செய்தும் வெளிவரவில்லை என்றால் வால் கனம். சி.ஜி.யை 5 மி.மீ. முன்னால் கொண்டுவாருங்கள். பழகும்போது 100 மீட்டரில் தொடங்கி 50 மீட்டருக்குள் முடித்துவிடுங்கள்.

"ஜைரோ போட்டா இந்தத் தொல்லையெல்லாம் இருக்காதுல்ல?"

காற்றின் குலுக்கலையும் ஏற்றும்போது இழுப்பதையும் ஜைரோ (விமானம் ஆடுவதை உணர்ந்து தானே திருத்தும் கருவி) குறைக்கும். செத்த வேகத்தை அதனால் உண்டாக்க முடியாது. இறக்குவதைப் பற்றி மேலே சொன்னது ஜைரோ இருந்தாலும் அப்படியே பொருந்தும். மாட்டியதும் வாலைக் கையால் சட்டென்று தூக்கிப் பாருங்கள், எலிவேட்டர் மேல்பக்கம் போக வேண்டும். கீழே போனால் திசை தலைகீழ், பறக்கவிடாதீர்கள். வேகத்தில் வால் நடுங்கினால் கெயினை, அதாவது ஜைரோ திருத்தும் அளவை, குறையுங்கள். நிலையைப் பூட்டிவைக்கும் முறையில் வைத்து இறக்காதீர்கள்.

"இறக்கை லேசா இடிச்சுது. பாத்தா ஒண்ணும் ஆகல. அப்படியே பறக்கலாமா?"

ஒரு நூல் எடுங்கள். வால்நுனியின் நடுவிலிருந்து மேல் இறக்கையின் இரண்டு முனைக்கும் அளந்து பாருங்கள், பிறகு கீழ் இறக்கைக்கும். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏதோ ஒரு பிடிப்பு நகர்ந்திருக்கிறது. அடுத்து மேல் இறக்கையைத் தாங்கும் நடுத்தூண்களின் வேரில், ஒட்டுத்தாளுக்கு அடியில் விரலால் அழுத்துங்கள். பிசின் விட்டிருந்தால் மெல்லிய நறநறப்புச் சத்தம் வரும். அங்கே தாளைக் கிழித்து, 30 நிமிட எப்பாக்ஸி விட்டு, இறக்கையை மாட்டிய நிலையிலேயே இரவு முழுக்கக் காயவிடுங்கள். கழற்றி ஒட்டினால் கோணம் மாறிவிடும், கம்பிகளைப் பற்றிய பதிலில் சொன்ன அரை டிகிரிக் கணக்கை மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டிவரும்.